உரசல் இல்லாத இரும்பு

கணவரின் அண்ணன் அந்த ட்ரெய்லரை எங்களுக்குத் தருவதாகச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. புரோசார்ட்டில் அவர்கள் வீட்டுப் பின்வளவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் எல்லோரும் பிளாஸ்டிக் கதிரைகளில் சாய்ந்திருந்தோம். பனிக்காலம் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தி வேலியோரம் கிடந்த, காரின் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற அந்தச் சின்ன வீட்டைக் கையால் காட்டி, “இதை நீங்கள் கொண்டுபோங்கோ. எனக்கு இனி வேண்டாம்” என்றார்.

அவர் அதை வாங்கி இரண்டு கோடைகூட ஆகவில்லை. வாங்கிய அன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் படம் அனுப்பியவர். உள்ளே குட்டிக் குசினி, மடக்குகிற கட்டில், ஒரு ஆள் மட்டும் நின்று திரும்பக்கூடிய குளியலறை என்று ஒவ்வொன்றையும் திறந்து திறந்து காட்டியவர். அப்படிப்பட்ட மனிதர் ஏன் அதைச் சும்மா தூக்கித் தருகிறார்?

“ஏன் அத்தான், பிள்ளையளுக்குப் பிடிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“அதுகளும் வளந்திட்டுது. எனக்கும் நேரமில்லை.”

அக்கா, அதாவது அவருடைய மனைவி, எழுந்து கோப்பைகளை அடுக்கத் தொடங்கினா. என் கணவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. அவருடைய கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. வழக்கமாக அக்கா இருக்கிற இடத்தில் வேறு ஒருவருக்கும் கதைக்க இடம் கிடைக்காது. அன்று நாங்கள் வெளிக்கிடும்வரை அவ ட்ரெய்லரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

என் கணவருக்கோ தலைகால் தெரியாத சந்தோசம். காரில் வரும்போது காஸ்பே, கடல், நெருப்பு மூட்டிச் சுடுகிற இறால் என்று பாலம் முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். கார் ஓட்டிய நான் அத்தான் அதை ஏன் தந்தார் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சந்தேகப்படுவது என் வேலையோடு வந்த பழக்கம். வயதானவர்களையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஏற்றி இறக்குகிற சிறிய பஸ் ஓட்டுகிறேன். நாற்காலியைத் தரையோடு பிணைக்கிற பட்டி இறுகித்தான் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் குனிந்து ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன்.

அடுத்த கிழமை ட்ரெய்லர் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அதை அத்தான் இழுத்துக்கொண்டு வரவில்லை. அவருடன் வேலை செய்கிற ஒருவர் தன்னுடைய பிக்கப் வண்டியில் இழுத்து வந்தார். அத்தான் தனது காரில் பின்னால் வந்தார்.

“ஏன், உங்கட காரில இழுக்கேல்லையோ?”

“முதுகு நோகுது பிள்ளை.”

கார் ஓட்டுவதற்கும் ட்ரெய்லரோடு கார் ஓட்டுவதற்கும் முதுகுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தேன். அவர் தன் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு பாரமான பெட்டியை, முதுகு நோவையும் பாராமல், தனியாகவே தூக்கி இறக்கினார்.

“இதுதான் ஹிட்ச். காரோட கொளுவுற இடத்தில பாரத்தைப் பிரிச்சுக் குடுக்கிறது. போன சம்மர் முழுக்க இதோடதான் இழுத்தனான். இது இல்லாமல் றோட்டில ஏறக் கூடாது, சரியோ?”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்குரிய புத்தகத்தை எடுத்து வாசித்தேன். விளங்காத இடங்களுக்கு வீடியோ பார்த்தேன். விசயம் எளிமையானதுதான். ட்ரெய்லரின் மூக்கைக் காரின் பின்னால் கொளுவினால், அந்தப் பாரம் காரின் பின்பக்கத்தை அமத்தும். பின்பக்கம் தாழ முன்பக்கம் எழும்பும். முன்சில்லுகள் நிலத்தைச் சரியாகப் பிடிக்காமல் ஸ்டியரிங் இலேசாகிவிடும். அதற்காகத்தான் இரண்டு நீளமான இரும்புத் தண்டுகள். ஒரு முனை ஹிட்சின் தலையில் செருகப்பட்டிருக்கும். மறுமுனை ட்ரெய்லரின் முன்சட்டத்தில் பூட்டிய தாங்கியில் ஏறி உட்காரும். வில்லுப்போல வளைந்து, பின்னால் குவிந்த பாரத்தைக் காரின் முன்சில்லுகளுக்கும் ட்ரெய்லரின் சில்லுகளுக்கும் அவை தள்ளிவிடும். காரும் ட்ரெய்லரும் மட்டமாக நிற்கும். காற்றுக்கும் லொறிகளுக்கும் ட்ரெய்லர் வால் ஆட்டாமலும் அந்தத் தண்டுகள் தாங்கிகளில் உரசிப் பிடித்துக்கொள்ளும்.

உரசிப் பிடித்துக்கொள்ளும் என்ற இடத்தில்தான் எனக்கு முதலாவது பொறி தட்டியது.

முற்றத்தில் ஒரு பழைய போர்வையை விரித்துப் பெட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்து அடுக்கினேன். தண்டுகள் இரண்டிலும் கறுப்புப் பெயிண்ட் முனையிலிருந்து முனைவரை பளபளவென்று இருந்தது. தாங்கிகளிலும் ஒரு கீறல் இல்லை. ட்ரெய்லரின் முன்சட்டத்தைக் குனிந்து தடவிப் பார்த்தேன். தாங்கி பூட்டியிருந்தால் அதன் அச்சு இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே தூசியும் ஒரே மங்கலுமாக இருந்தது.

“இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வந்து பாருங்கோ” என்று கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்தார். “அண்ணை துடைச்சு வடிவா வைச்சிருக்கிறார்.”

“இரும்போட இரும்பு உரஞ்சினால் பெயிண்ட் போகும். துடைச்சால் திரும்பி வராது. இது ஒருநாளும் பூட்டாத சாமான்.”

“அப்ப அண்ணை பொய் சொல்லுறார் எண்டிறீரோ?”

நான் தண்டைத் திரும்பப் போர்வையில் வைத்தேன். அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொன்னால் அவருக்குத் தாங்காது. இந்த நாட்டுக்கு இவர் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்குப் பனிச்சப்பாத்தோடு வந்து நின்றவர் அந்த அண்ணன். இவருக்கும் எனக்கும் கார் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்.

“உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நான் ட்ரெய்லரைச் சும்மா விடவில்லை. விபத்தில் மாட்டியதோ, மழைத்தண்ணீர் இறங்கி மரம் உக்கியதோ, எலி குடியிருந்ததோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சுவர்களைத் தட்டிக் கேட்டேன். மெத்தைகளைத் தூக்கி மணந்து பார்த்தேன். நிலத்தில் மல்லாக்கப் படுத்து அடிப்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தேன். நெளிவு இல்லை, ஒட்டு இல்லை, புதுப் பெயிண்டும் இல்லை. குற்றம் ஒன்றும் அகப்படாதது எனக்கு நிம்மதியைத் தரவில்லை. என் கண்ணுக்குத் தப்பியது என்னவோ என்றுதான் யோசித்தேன்.

கடைசியில் குளிர்சாதனப் பெட்டிக்கும் தரைக்கும் இடையில் இருந்த இடுக்கில் தும்புத்தடியை விட்டு இழுத்தேன். மைசூர்ப் பருப்பு வந்தது. ஒரு பிடியளவு. அதோடு வெள்ளைக் கோப்பை ஒன்றின் உடைந்த துண்டும் வந்தது. எதிர்ப்பக்கத்துக் கதிரையின் அடியிலும் பருப்பு. கட்டில் மெத்தையின் கீழும் பருப்பு. குசினி அலுமாரி ஒன்றின் பிணைச்சல் வளைந்து, கதவு சரியாகப் பூட்டாமல் நின்றது. ஒரு பருப்புப் பை கைதவறி விழுந்தால் இத்தனை மூலைக்கு ஓடாது. உள்ளே இருந்ததெல்லாம் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் எறிபட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் அத்தான் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் எடுத்தார். சுகம் விசாரிக்க அப்படி அடிக்கடி எடுக்கிறவர் இல்லை.

“கொளுவியாச்சோ பிள்ளை?”

“இன்னும் இல்லை அத்தான்.”

“கொளுவினால் தண்டு ரெண்டும் போடவேணும். கிட்டத்தான் எண்டு நினைச்சுப் போடாமல் போகாதேங்கோ.”

ஹிட்சின் தலையைச் சரிவாக்குவதற்கு அதற்குள் வாஷர்கள் போட வேண்டும். எத்தனை போடுகிறோமோ அவ்வளவுக்குத் தண்டுகள் கூடுதலான பாரத்தை எடுக்கும். அந்த வாஷர்கள் பெட்டியின் அடியில் ஒட்டுப் பிரிக்காத பைக்குள் அப்படியே இருந்தன. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“அத்தான், நீங்கள் போன சம்மர் எத்தினை வாஷர் போட்டனீங்கள்?”

அவர் “வாஷரோ?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நாலைஞ்சு போட்டனான் எண்டு நினைக்கிறன்.”

“சரி அத்தான்” என்று போனை வைத்தேன். எங்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற சாமானைப் பற்றி அவர் தெரிந்துகொண்டே பொய் சொல்கிறார். கதவோரம் நின்ற கணவர் “என்ன சொல்லுறார் அண்ணை?” என்று கேட்டபோது, இவருக்கும் ஏதும் தெரியுமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அன்று முழுக்கக் கணவர் போன் எடுக்கிறபோதெல்லாம் காது கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கிழமை ஒருநாள் காலை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே புரோசார்ட்டுக்கு ஓடினேன். அத்தான் பகலில் வேலையில் இருப்பார். அக்கா கதவைத் திறந்தா. நான் தனியாக நிற்பதைப் பார்த்ததும் ஏன் வந்தேன் என்று அவவுக்கு விளங்கிவிட்டது. என்ன ஏது என்று கேட்காமல் கேத்திலைப் போட்டா.

“அக்கா, அந்த ட்ரெய்லருக்கு என்ன நடந்தது?”

“ட்ரெய்லருக்கு ஒண்டும் நடக்கேல்லை.”

“அப்ப?”

அவ மேசையில் இருந்த துணியை மடித்தா. விரித்தா. திரும்ப மடித்தா. பிறகு சொன்னா.

போன கோடையில் கிழக்கே கடற்கரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது இந்தத் தண்டுகள் இல்லை. காரின் கொக்கியில் வெறும் உருண்டை, அதில் ட்ரெய்லர், அவ்வளவுதான். விற்றவர் இது போதும் என்று சொல்லியிருக்கிறார். சைக்கிள்கள், தண்ணீர்ப் போத்தல்கள், பெரிய ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ட்ரெய்லரின் பின்மூலையில் அடைத்து வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு லொறி முந்திக்கொண்டு போனது. அதன் காற்றில் ட்ரெய்லர் ஒருபக்கம் இழுத்தது. அத்தான் திருப்ப, மற்றப் பக்கம் இழுத்தது. பிறகு அது நிற்கவேயில்லை. காரின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து ஆட்டியது.

“கண்ணாடியில பாக்கிறன், ட்ரெய்லர் எங்களுக்குப் பக்கத்தில வந்து நிக்குது. பின்னால இருக்கவேண்டியது பக்கத்தில நிக்குது. நான் பிள்ளையளைத் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தால் அதுகளுக்குத் தெரிஞ்சுபோமெண்டு.”

எப்படியோ வேகம் குறைந்து, ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றதாம். சின்னவள் பின்சீட்டிலிருந்து பிரெஞ்சில், முடிஞ்சுதா என்று கேட்டிருக்கிறாள். அத்தான் ஸ்டியரிங்கை விடவில்லை. அக்காதான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தா.

“இழுக்கிற வண்டி கூப்பிட்டுத்தான் வீட்டை கொண்டுவந்தது. அடுத்த கிழமையே போய் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். கராஜில வைச்சவர்தான். ஒருநாளும் பூட்டேல்லை. ஒவ்வொரு கிழமையும் போய் அதுக்கு முன்னால நிப்பார். திரும்பி வருவார்.”

“அப்ப அதை ஏன் அக்கா எங்களுக்குத் தந்தவர்? எங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“விக்கச் சொன்னனான். முன்பின் தெரியாத ஆரோ வாங்கிக்கொண்டு போய் அப்படியே கொளுவிக்கொண்டு ஓடினால் என்ன செய்யிறது எண்டார். உன்னட்டைக் குடுத்தால் நீ அளக்காமல் ஏறமாட்டாய் எண்டும் சொன்னவர்.”

அதை அத்தான் உண்மையில் சொன்னாரா, என் கோபத்தைத் தணிக்க அக்கா அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன்.

“உன்ர மனிசனுக்குச் சொல்லாதை. தம்பிக்கு முன்னால அவர் ஒருநாளும் பயந்ததில்லை” என்றா வாசலில் வைத்து.

சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு காலை கர்க்லாண்டில் ஒரு பெரிய கட்டடத்தின் வெறும் வாகனத் தரிப்பிடத்துக்கு அத்தானையும் வரச் சொன்னேன். ஹிட்சைச் சரிசெய்ய நிலம் மட்டமாக இருக்க வேண்டும். எங்கள் முற்றம் றோட்டை நோக்கிச் சரிவு. ட்ரெய்லரை அங்கே கொண்டுவர மறுபடியும் அந்த பிக்கப்காரர்தான் உதவினார்.

அத்தான் அக்காவோடு வந்தார். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றார். என் கணவர் அளவு நாடாவோடு நிலத்தில் முழங்காலிட்டிருந்தார். முதலில் கார் தனியாக நிற்கும்போது முன்சில்லுக்கு மேலே மட்காட்டின் விளிம்புவரை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சோக்கட்டியால் தரையில் எழுதினோம். பிறகு தண்டுகள் இல்லாமல் ட்ரெய்லரைக் கொளுவினோம். காரின் பின்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. முன்பக்கம் இரண்டு விரல் அகலம் எழும்பி நின்றது.

“பெரிய வித்தியாசம் இல்லையே” என்றார் கணவர்.

அப்போது அத்தான் நடந்து வந்தார். குனிந்து அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு பொய் வருமென்று எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“எனக்கும் உப்பிடித்தான் நிண்டிருக்கும்” என்றார். “நான் பாக்கேல்லை.”

“என்ன அண்ணை?”

அத்தான் வாஷர் பையைப் பல்லால் கடித்துப் பிரித்தார். ஹிட்சின் ஆணியைக் கழற்றிக்கொண்டே, தம்பியைப் பாராமல், நெடுஞ்சாலையில் நடந்ததை முழுக்கச் சொன்னார். விரல்களை அக்கா கழற்றி எடுத்ததையும் சொன்னார். என் கணவர் நாடாவைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் நீ இதை எடுத்திருக்க மாட்டாய். எடுக்காட்டில் நான் கராஜுக்குள்ள இந்தப் பெட்டியைப் பாத்துப் பாத்தே செத்திருப்பன்.”

கணவர் எழுந்து கொஞ்சத் தூரம் நடந்து போனார். கோபமா அழுகையா என்று பின்பக்கத்திலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்தபோது பெரிய ஸ்பனரை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

முதல் தரம் வாஷர் போதவில்லை. தாங்கிகளைச் சட்டத்தில் பூட்டித் தண்டுகளைப் போட்டும் முன்பக்கம் கொஞ்சம்தான் இறங்கியது. ட்ரெய்லரின் முன்னால் இருக்கிற ஜாக்கியைச் சுற்றி மூக்கை உயர்த்தி, தண்டுகளை இறக்கி, தலையைக் கழற்றி, இன்னும் இரண்டு வாஷர் போட்டுத் திரும்பப் பூட்டினோம். இந்தத் தரம் கூடிவிட்டது. காரின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதுவும் ஆபத்து என்று புத்தகத்தில் இருந்தது. ஒன்றைக் கழற்றினோம். மட்காட்டின் விளிம்பு சோக்கட்டியால் எழுதிய உயரத்துக்கு அண்மையில் வந்து நின்றது. ட்ரெய்லரைத் தள்ளி நின்று பார்த்தேன். மட்டமாக இருந்தது. என் கண்ணை நம்பாமல் மட்டப்பலகையையும் வைத்துப் பார்த்தேன்.

பிறகு உள்ளே ஏறினேன். முதல்நாளே என் கணவர் இறைச்சி சுடுகிற அடுப்பையும் நிறைத்த தண்ணீர்க் கான்களையும் பின்கட்டிலுக்குக் கீழே வசதியாக அடுக்கி வைத்திருந்தார். பின்னால் பாரம் கூடினால் ட்ரெய்லர் வால் ஆட்டும் என்பதால், எல்லாவற்றையும் இழுத்துச் சில்லுகளுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலேயும் நகர்த்தினேன். பாரம் மாறியதால் திரும்பவும் அளந்தோம். கணவர் முணுமுணுத்தார். அத்தான் முணுமுணுக்கவில்லை. அவரே நாடாவை வாங்கிப் பிடித்தார்.

ஓக்காவுக்குப் போவதாக முடிவு செய்தோம். கிட்டத்தான். நான் ஓட்ட, கணவர் பக்கத்தில். பிள்ளைகளை இந்த முதல் ஓட்டத்தில் சேர்க்கவில்லை. “நீங்களும் எங்களோட வாங்கோவன் அத்தான்” என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. நாங்கள் பின்னால வாறம்.”

நெடுஞ்சாலையில் ஏறியபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணாடியில் ட்ரெய்லரையும் அதற்குப் பின்னால் அத்தானின் காரையும் மாறி மாறிப் பார்த்தேன். எந்த நேரமும் அது வாலை ஆட்டும் என்று காத்திருந்தேன். நீளமான லொறி ஒன்று இடப்பக்கத்தால் வந்தது. கணவர் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்தார். லொறி எங்களைத் தாண்டும்போது ட்ரெய்லர் ஒருமுறை மெல்ல அசைந்தது. பிறகு நேராகிவிட்டது. ஸ்டியரிங் என் கையில் பாரமாகவே இருந்தது. அந்தப் பாரம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி ஆணிகளை இழுத்துப் பார்த்தேன். அத்தானும் இறங்கி வந்து நான் பார்த்த அதே ஆணிகளை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.

ஓக்காவில் மரங்களுக்கு நடுவே ட்ரெய்லரை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து முடிந்ததும் அக்கா கொண்டுவந்த இடியப்பப் பார்சலைப் பிரித்தா. பழையபடி வாய் மூடாமல் கதைத்துக்கொண்டிருந்தா. அத்தான் ஒரு மடக்குக் கதிரையை விரித்து அதில் இருந்தார். சாப்பாட்டைக் கையில் கொடுக்கப் போனபோது, வாய் பாதி திறந்தபடி நித்திரையாகிவிட்டிருந்தார்.

“எழுப்பாதை, கிடக்கட்டும்” என்றா அக்கா.

அதற்குப் பிறகு வந்த கோடையில் நாங்கள் காஸ்பேவரை போய் வந்தோம். அவர்களும் வந்தார்கள். அத்தான் ட்ரெய்லரில் படுக்கவில்லை, மோட்டலில் அறை எடுத்தார். வழி நெடுக எங்களுக்குப் பின்னாலேயே கார் ஓட்டி வந்தார். முன்னால் போகச் சொல்லிக் கணவர் எத்தனை தரம் கைகாட்டியும் அவர் முந்தவில்லை.